நாக்கின் கீழே ஒரு மாத்திரை

(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழவேற்காடு ஏரிச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு. மூடிய இடத்தில் ஆளையே கொல்லும் வாயு. அதையே நம் உடலும் மிகச் சிறிதளவு உண்டாக்கி, செல்லுக்குச் செல் செய்தி சொல்லப் பயன்படுத்துகிறது. நைட்ரிக் ஆக்சைடு இன்னொரு தூதன். 'இளகு' என்று இரத்தக் குழாய்க்குச் சொல்வது அதுதான்.

மீனவக் கிராமங்களில் நெஞ்சுவலியென்று வருகிறவரை உட்கார வைத்து, இரத்த அழுத்தம் பார்த்து, நாக்கின் கீழே சார்பிட்ரேட் வைக்கிறோம். உடலுக்குள் அது கொடுப்பது இந்த நைட்ரிக் ஆக்சைடைத்தான். குழாய்கள் விரிகின்றன, இருதயத்தின் பாரம் குறைகிறது. டைனமைட் கண்ட ஆல்பிரட் நோபலுக்கும் 1896இல் மருத்துவர்கள் இதே இனத்து நைட்ரோகிளிசரினைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். வெடிமருந்தே மருந்தானது அவருக்கே வேடிக்கையாயிருந்தது! இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த பர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் அவர் பெயரிலுள்ள பரிசே கிடைத்தது.

எங்கள் கவலை வேறு. வலி தணிந்ததும், "சரியாயிடுச்சுங்க ஐயா, வலை கிடக்குது" என்று எழுந்துவிடுகிறார்கள். இருதயக் குழாயில் அடைப்பிருந்தால் அது அப்படியேதான் இருக்கும். ஆகவே மாத்திரை வைத்த கையோடு ஆளைப் படகில் ஏற்றி, ஈ.சி.ஜி. எடுக்கக் கொண்டுவருகிறோம். நீங்கள் அனுப்பிய காணிக்கையில் ஒரு பங்கு அந்தப் படகின் டீசலுக்குப் போயிற்று.