தலையிடியும் அதன்பின் வரும் அச்சமும்



தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தாற்றான் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. பிறர் நோவை எளிதாக எண்ணுபவரைக் கண்டிக்க எழுந்த வாக்கு அது. கால் முறிந்தவனைக் கண்ட அளவில் ஊரார் அறிவர். காய்ச்சற்காரனைத் தொட்ட அளவில் வீட்டார் அறிவர். தலையிடிக்கோ வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுமில்லை. அதனைத் தனியே தாங்கவேண்டும். தனியே தாங்கும் நோவுக்குத் துணையாக வருவது அச்சம்.

ஒரு நாள் வந்து மறுநாள் நீங்கும் தலையிடியைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. அது வாரத்தில் மூன்று நாள் வருகிறது; மாதம் இரண்டாகியும் நிற்கவில்லை. அப்பொழுது நெஞ்சில் ஒரு வினா எழுகிறது. "இது சாதாரணத் தலையிடிதானா? அல்லது உள்ளே ஏதேனும் பெரிய வியாதி இருக்கின்றதா?" பகலில் அலுவல்களுக்கு நடுவே அடங்கியிருக்கும் இவ்வினா, இரவில் விளக்கணைத்தபின் தலைதூக்குகிறது. எங்கோ ஓர் உறவினருக்கு மூளையில் கட்டி வந்த கதை நினைவுக்கு வருகிறது. இக்காலத்திலே கைப்பேசியும் பக்கத்தில் இருக்கிறது. அதிலே தேடினால் சாதாரண காரணங்களும் கொடிய காரணங்களும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. அஞ்சியவன் கண் கொடியவற்றிலேயே சென்று பதிகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அன்றோ!

இந்நிலையில் மக்கள் இருவகையாக நடந்துகொள்ளக் காண்கிறோம். ஒரு சாரார் அஞ்சி அஞ்சி, வைத்தியரிடம் போனால் என்ன சொல்லிவிடுவாரோ என்று போகாதே இருந்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் மருந்துக்கடையில் மாத்திரை அட்டையொன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நோவு வரும்போதெல்லாம் விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கின்றனர். முன்னவர் கோழையர், பின்னவர் தைரியசாலிகள் என்று தோன்றலாம். ஆயின் இருவரும் தவிர்ப்பது ஒன்றையே. தம் தலையிடி எவ்வகையைச் சேர்ந்தது என்னும் கேள்வியை இருவரும் முறையாகக் கேட்கவில்லை. அக்கேள்வியை எவ்வாறு கேட்பது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள். நான் வைத்தியனல்லன், பாடசாலை அதிபர். வைத்திய நூலோர் முடிவாகக் கண்டவற்றை ஓர் ஆசிரியன் பாடஞ் சொல்லும் முறையிலே சொல்ல விழைகிறேன்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுங்கள். மூளைக்கு நோவு தெரியாது. உடம்பின் நோவையெல்லாம் உணரும் அவ்வுறுப்பின் திசுவிலே, நோவை உணரும் நரம்பு முனைகள் இல்லை. தலையிடியில் நோவது மூளையைப் போர்த்திருக்கும் சவ்வும், இரத்தக் குழாய்களும், தலை கழுத்துத் தசைகளும், முகத்து நரம்புகளுமே. ஆகவே தலை நோகின்றது என்றவுடன் மூளை பழுதாகிறது என்று எண்ணுவது பொருந்தாது.

வைத்தியர்கள் தலையிடியை இரு பெரும் பிரிவாகப் பிரிப்பர். வேறெந்த நோயும் காரணமாகாமல், தலையிடியே நோயாக வருவது முதலாவது பிரிவு. வேறொரு நோயின் அறிகுறியாக வருவது இரண்டாவது பிரிவு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021 ஆம் ஆண்டில் உலக மக்களில் நூற்றுக்கு 40 பேர் அளவினர், அதாவது 310 கோடிப் பேர், தலையிடி நோய்களுக்கு ஆளாகியிருந்தனர். இவர்களுட் பெரும்பாலோர் முதலாவது பிரிவினரே.

அம்முதற் பிரிவிலே இரண்டு வகைகள் நம்மிடையே மிகுதி. ஒன்று இறுக்கத் தலையிடி. நெற்றியைச் சுற்றித் துணியால் இறுகக் கட்டியது போன்ற அழுத்தம் இருபுறமும் இருக்கும். எழுந்து நடமாடினால் அது கூடுவதில்லை. மற்றது ஒற்றைத் தலையிடி. பெரும்பாலும் ஒரு பக்கத்தில், நாடி துடிப்பதுபோல் விண்விண்ணென்று தெறிக்கும், வயிற்றைப் புரட்டும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்கா, மருந்தெடுக்காவிடின் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு அது தொடங்குமுன் கண்ணெதிரே மின்னற்கோடுகள் தோன்றி மறையும். பீனிசத்தால் வருவது என்று பலர் ஆண்டுக்கணக்கில் ஆவி பிடித்துக்கொண்டிருக்கும் நோவு, ஆராய்ந்து பார்க்கையில் ஒற்றைத் தலையிடியாக இருப்பதுண்டு. இவ்வகை நோவு உயிரைக் கொல்வதன்று. ஆனால் வாழ்நாளைக் கொல்வது. இதனைத் தணிக்கவும், அடிக்கடி வராமற் றடுக்கவும் இன்று தக்க மருந்துகள் உள்ளன. பெரிய வியாதியன்று என்று தெரிந்தவுடன் வாளாவிருந்துவிடுதலும் தவறு என்பதற்காக இதனைச் சொல்கிறேன்.

இனி, அச்சத்தின் வேலையைப் பார்ப்போம். கவலையுற்றவன் தன்னையறியாமலே பல்லைக் கடிக்கிறான், தோளையும் கழுத்தையும் இறுக்குகிறான், உறக்கம் கெடுகிறான், வேளைக்கு உண்பதில்லை. இவை ஒவ்வொன்றும் தலையிடியைத் தூண்டுவன. நோவு அச்சத்தைப் பெறுகிறது. அச்சம் நோவை வளர்க்கிறது. இந்தச் சக்கரத்துக்குள்ளே மாத்திரையும் புகுந்துகொள்கிறது. ஏற்கெனவே தலையிடி உள்ள ஒருவர், பரசிற்றமோல் போன்ற எளிய வலிநீக்கிகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரைகளை 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாக உட்கொண்டுவந்தால், அம்மருந்தே நாள்தோறும் தலையிடியை உண்டாக்கும். பனடோல்தானே என்று பலர் எண்ணுகின்றனர். வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் உட்கொள்ளலாகாது; மீறினால் ஈரல் பழுதுறும். எட்டு என்பது மேல் எல்லை. உடல் மெலிந்தவர்க்கும் ஈரல் நோயுள்ளவர்க்கும் அந்த எல்லை இன்னும் குறைவானது. அடிக்கடி வரும் தலையிடிக்கு அடிக்கடி மாத்திரை என்பது, கடனை அடைக்க மேலும் கடன் வாங்குவதற்கொப்பாகும்.

சரி, மூளைக்கட்டி பற்றிய அச்சம் எவ்வளவு நியாயமானது? பிரித்தானியக் குடும்ப வைத்தியர்களின் பதிவேடுகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில், தலையிடி என்று வந்தவர்களுள் பின்னர் மூளைக்கட்டி கண்டோர் ஆயிரத்தில் ஒருவர் அளவினரே. கட்டி இருப்பின் பெரும்பாலும் அது தலையிடியோடு மாத்திரம் நின்றுவிடாது. வலிப்பு, கைகால் தளர்ச்சி, பார்வை மங்கல், பேச்சுத் தடுமாற்றம், குண மாற்றம் ஆகியவற்றுள் ஒன்றேனும் உடன்வரும்.

"ஆயிரத்தில் அந்த ஒருவன் நானாக இருந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாகப் பலர் கேட்பது ஸ்கான் பரிசோதனை. 1971 ஆம் ஆண்டு ஒக்டோபரில், இலண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையிலே, கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட் ஆக்கிய கருவியினால் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சீ.ரி. ஸ்கான் முறையிற் படம்பிடிக்கப்பட்டது. மண்டையைத் திறவாமலே மூளையைப் பார்க்க வழிசெய்த அப்பணிக்காக 1979 இல் அவருக்கும் அலன் கோர்மக்குக்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. மனித குலத்துக்கு அது பெருங்கொடை. எனினும் அச்சத்துக்கு அது மருந்தாகுமா? இலண்டனில் ஆய்வாளர் சிலர் இதனையே சோதித்தனர். நாள்தோறும் தலையிடியால் வருந்தும் நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு மூளைப்படம் எடுக்க வாய்ப்பளித்தனர். 2005 இல் வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. மூன்று மாதம் வரையில் அவர்களது கவலை மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. ஓராண்டு கழிந்தபோது அந்த வேற்றுமை நிலைக்கவில்லை. படம் ஐயத்தைத் தீர்க்கும். அஞ்சும் பழக்கத்தைத் தீர்க்காது. ஆகவே ஸ்கான் வேண்டுமா வேண்டாமா என்பதை, நம்மை விசாரித்து, கண்ணையும் நரம்பையும் சோதித்துப் பார்த்த வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

ஆயினும் தாமதியாது விரையவேண்டிய வேளைகள் சில உண்டு. இவற்றைச் செவிகொடுத்துக் கேளுங்கள், கூடுமாயின் எழுதிக்கொள்ளுங்கள்.

இடி விழுந்தாற்போல், ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை அடையும் கடுந் தலையிடி. தலையிடியுடன் காய்ச்சலும் கழுத்து விறைப்பும். வலிப்பு, மயக்கம், குழப்பம். கையிலோ காலிலோ முகத்திலோ ஒருபுறத் தளர்ச்சி, பேச்சுக் குழறல். திடீர்ப் பார்வை இழப்பு, அல்லது கண் சிவந்து நொந்து விளக்கைச் சுற்றி வளையம் தெரிதல். தலையில் அடிபட்டபின் மிகும் நோவு. கருவுற்ற பெண்ணுக்கும் பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் புதிதாக வரும் கடுந் தலையிடி. இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே, அப்பொழுதே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவுவண்டி கட்டணமின்றி வரும்.

சில நாட்களுக்குள் வைத்தியரைக் காணவேண்டிய நிலைகளும் உள. ஐம்பது வயதுக்குமேல் முதன்முறையாகத் தோன்றும் தலையிடி. வாரத்துக்கு வாரம் கூடிவரும் தலையிடி. பழகிய தலையிடியின் போக்குத் திடீரென மாறுதல். விடியற்காலையில் வாந்தியுடன் எழுப்பும் நோவு. இருமும்போதும் குனியும்போதும் தெறிக்கும் நோவு. முன்னர் புற்றுநோய் கண்டவருக்கு வரும் புதிய நோவு. ஐம்பதைக் கடந்தவருக்குப் பொட்டுப்பக்கம் தொட்டால் நொந்து, மெல்லும்போது தாடையும் நொந்தால் அது இரத்தக் குழாயின் அழற்சியாக இருக்கலாம். விரைந்து மருந்தெடாவிடின் கண்பார்வை போய்விடும் என்பதால் அன்றே காட்டவேண்டும். நம் நாட்டில் காய்ச்சலோடு தலையிடி வந்தால் டெங்குவையும் நினைக்கவேண்டும். அப்பொழுது அஸ்பிரின், இபுபுறூபன் போன்றவற்றைத் தொடலாகாது.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் களைந்துவிடுவோம். தலை இடித்தால் பிரஷர், இடிக்காவிட்டால் பிரஷர் இல்லை என்று பலர் நம்புகின்றனர். மிக மிக உயர்ந்தாலொழிய இரத்த அழுத்தம் பெரும்பாலும் தலையிடியைத் தருவதில்லை. ஓசையின்றியே அது உடலைக் கெடுக்கும். தலையிடி நின்றதென்று அழுத்த மாத்திரையை நிறுத்தியவர் பாரிசவாதத்துக்கு வழி திறந்துவிடுகிறார்.

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகக் காண்கிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன். நோயாளியையும் வைத்தியத்தின் ஓர் அங்கமாகக் கொண்ட அந்நோக்கு என்னைப் பெரிதும் கவர்ந்தது. தலையிடி வைத்தியத்தில் நோயாளியின் பங்கு எல்லாவற்றிலும் பெரிது. ஏனெனில் அவர் சொல்லாமல் அந்நோவு எவருக்கும் தெரியாது.

ஆகவே ஓர் அப்பியாசக் கொப்பியை எடுங்கள். தலை நொந்த ஒவ்வொரு நாளும் ஐந்தே விடயங்களை எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, எங்கே நொந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, உடன் வந்தவை யாவை, என்ன மாத்திரை எத்தனை எடுத்தீர்கள். முதல் நாள் உறக்கத்தையும் உணவையும் பக்கத்திலே குறியுங்கள். நான்கு வாரக் குறிப்புடன் வைத்தியரிடம் செல்லுங்கள். மேற்சொன்ன அபாயக் குறிகள் இருப்பின் மட்டும் நான்கு வாரம் காத்திராதீர்கள். வெளிநோயாளர் பிரிவிலே வைத்தியர் நமக்கு ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில், "நெடுநாளாகத் தலையிடி, ஐயா" என்று மட்டும் சொல்பவருக்கும், கொப்பியை நீட்டுபவருக்கும் உள்ள வேற்றுமை பெரிது. இன்னொன்றும் துணிந்து சொல்லுங்கள்: "எனக்கு மூளைக்கட்டி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது, ஐயா." அதைச் சொல்ல நாணவேண்டாம். சொல்லாத பயத்துக்கு எந்த வைத்தியரும் விடை சொல்ல இயலாது.

உடனிருப்பவருக்கும் கடமையுண்டு. "உனக்கு எப்போதும் தலையிடிதான்" என்று ஏளனஞ் செய்யும் வீட்டிலே, மனைவியோ மாமியாரோ நோவை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். மறைத்த நோவிலே ஆபத்தானதும் ஒருநாள் ஒளிந்துகொள்ளும். பிள்ளைகளிடத்து இன்னும் கவனம் வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் காலத்தில் தலையிடி என்று சொல்லும் பிள்ளையைச் சாட்டுச் சொல்கிறது என்று அதட்டுவோர் உளர். காலையுணவு உண்ணாமை, குறைந்த உறக்கம், கண்பார்வைக் குறை, கைப்பேசியில் நெடுநேரம் கண்பதித்தல், மனப்பயம் யாவும் அப்பிள்ளையின் தலையை மெய்யாகவே நோகச் செய்யும். விடியலில் வாந்தியெடுத்தலோ, நடை தள்ளாடுதலோ, கண் மாறுகண் ஆதலோ கண்டால் உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும். வகுப்பிலே முதலிற் காணக்கூடியவர் ஆசிரியர். அவர் பெற்றோருக்குச் சொல்லத் தயங்கலாகாது.

நேயர்களே, அச்சம் என்பது இயற்கை நமக்கு வைத்த காவற்காரன். அவன் குரலெழுப்பினால் விளக்கேற்றிப் பார்க்கவேண்டும். பார்க்காமற் போர்வையை இழுத்து மூடுவதாலும் பயனில்லை; பார்த்துத் தெளிந்தபின் இரவு முழுதும் அவனோடு விழித்திருப்பதாலும் பயனில்லை. உங்கள் தலையிடியை எழுதிவையுங்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். பெரும்பாலோருக்கு அங்கே கிடைக்கப்போவது ஆறுதலும் தக்க மருந்துமே. சிலருக்குக் காலத்தோடு கண்டுபிடித்த நன்மை கிடைக்கும். இரண்டுமே பெறத்தக்கவை.