மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது?

(குடும்ப வரவுசெலவு பற்றித் தொலைக்காட்சி அரங்கில் வழங்கப்பட்ட உரை)



சிக்கனம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சமையலறைதான். எந்தக் கடையில் வெங்காயம் மலிவு, எந்தப் பேரங்காடியில் எண்ணெய்க்குச் சலுகை, தேக்கா சந்தையில் இன்று மீன் என்ன விலை என்பதையெல்லாம் இல்லத்தரசிகள் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். அந்தத் துறையில் அவர்களுக்குப் பாடம் நடத்த யாருக்கும் தகுதியில்லை. ஆனால் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற வீட்டிலும் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறதே, அது ஏன்?

வீவக வீடு ஒன்றில் வசிக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர்கள் உண்மையிலேயே சிக்கனமாக இருக்கத் தீர்மானித்தால் மாதம் எவ்வளவு மிச்சமாகும்?

முதலில் தண்ணீர். 2025 ஏப்ரலில் விலை உயர்ந்தபோது, மாதம் 40 கன மீட்டருக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர், 3 வெள்ளி 24 காசு ஆனது. பொருள் சேவை வரி தனி. பூத்தூவல் குழாயில் குளிக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 9 லிட்டர் செலவாகிறது. நான்கு பேரும் தினமும் மூன்று நிமிடம் முன்னதாகக் குழாயை மூடினால் மாதம் 3,240 லிட்டர் மிச்சம். பணக்கணக்கில் பத்து வெள்ளிக்குச் சற்று மேல்.

அடுத்தது குளிர்சாதனம். படுக்கையறையில் இரவு முழுவதும் ஓடுவதை, விடியற்காலையில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே நிற்கும்படி வைத்துவிட்டு மின்விசிறியை ஓடவிடலாம். மணிக்கு முக்கால் யூனிட் என்று வைத்தால் மாதம் 45 யூனிட். யூனிட்டுக்கு 28 காசு என்று பார்த்தால் 12 வெள்ளி 60 காசு. வெப்பநிலையை 25 டிகிரியில் வைப்பதும், வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவதும் இதற்கு மேல் கிடைக்கும் ஆதாயம். குளிர்சாதனத்தை 18 டிகிரியில் போட்டுவிட்டுக் கம்பளிக்குள் சுருண்டு படுக்கும் விந்தையும் பல வீடுகளில் நடக்கத்தான் செய்கிறது!

கைப்பேசி விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கைப்பேசியோடு சேர்த்து வாங்கிய திட்டம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கட்டணத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கைப்பேசியே நன்றாக இருக்கும்போது சிம் அட்டை மட்டும் உள்ள திட்டத்துக்கு மாறினால் 20 வெள்ளி குறையலாம். சந்தையிலும் பேரங்காடியிலும் வாரத்துக்கு ஐந்து வெள்ளி குறைந்தால் மாதம் இன்னொரு 20 வெள்ளி. பொட்டலத்தின் விலையைப் பார்க்காமல் ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று பார்த்தாலே இது கைகூடும்.

ஆக மொத்தம் ஏறக்குறைய 63 வெள்ளி. குடும்பம் முழுவதும் ஒரு மாதம் பாடுபட்டுச் சேர்த்தது.

இப்போது அதே வீட்டில், வீட்டுக்காரரின் பணப்பையில் இருக்கும் கடன்பற்று அட்டையைப் பார்ப்போம். அதில் 3,000 வெள்ளி பாக்கி. ஆண்டு வட்டி 26 விழுக்காடு என்றால் மாதத்துக்கு 65 வெள்ளி. தாய் சந்தையில் பேரம் பேசியது, பிள்ளைகள் குழாயை மூடியது, விடியற்காலையில் எல்லாரும் வியர்த்தது, அத்தனையும் சேர்ந்தும் அந்த ஒரு வட்டிக்கு ஈடாகவில்லை.

‘மாதாமாதம் தவறாமல் கட்டுகிறாரே’ என்பார்கள். கட்டுவது குறைந்தபட்சத் தொகை. பாக்கியில் 3 விழுக்காடு என்று வைத்தால் 90 வெள்ளி. அதில் 65 வட்டிக்குப் போய்விட, கடனில் குறைவது 25 வெள்ளி மட்டுமே. அந்த மாதம் அட்டையில் புதிதாக 30 வெள்ளிக்குப் பொருள் வாங்கிவிட்டால் கடன் குறைவதற்குப் பதில் கூடுகிறது.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. பல வீடுகளில் இந்தப் பாக்கி மனைவிக்குத் தெரியாது. ‘அவளை ஏன் கவலைப்படுத்த வேண்டும்’ என்று கணவர் மறைக்கிறார். சில வீடுகளில் வளையல் அடகுக்கடையில் இருப்பது கணவருக்குத் தெரியாது. இருவரும் தனித்தனியே மிச்சம் பிடிக்கிறார்கள், தனித்தனியே கடன்படுகிறார்கள். சமையலறைக் கணக்கும் பணப்பைக் கணக்கும் ஒரே மேசைக்கு வராத வரை எந்தச் சிக்கனக் குறிப்பும் பயன் தராது. சட்டப்படி அடகுக்கடை வட்டி மாதம் ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. கணக்குப் பார்த்தால் அது அட்டை வட்டியைவிடக் குறைவுதான். ஆனால் ஆறு மாதத்துக்குள் மீட்கவோ வட்டி கட்டிப் புதுப்பிக்கவோ தவறினால் நகை கைவிட்டுப் போய்விடும்.

அந்த 3,000 வெள்ளி எப்படி ஏறியது? யாரும் ஊதாரித்தனம் செய்திருக்க வேண்டியதில்லை. டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போனது, வெறுங்கையோடு போக முடியாமல் உறவினர்களுக்கு வாங்கியது, அதற்குச் சற்று முன்பு வந்த தீபாவளி, திரும்பி வந்ததும் பள்ளிச் சீருடையும் புத்தகங்களும். இவை எதுவுமே திடீர்ச் செலவல்ல. தீபாவளி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. பள்ளியும் ஜனவரியில்தான் திறக்கிறது.

தீபாவளிக்கு 900, பள்ளிக்கு 500, ஊர்ப் பயணத்துக்கு 3,400 என்று வைத்தால் ஆண்டுக்கு 4,800 வெள்ளி. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 400. சம்பளம் வந்த அன்றே அதைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். 400 முடியாது, 250தான் முடியும் என்றால் அந்தப் பயணம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றாகும். ஊரில் உள்ளவர்கள் கோபித்துக்கொள்ளலாம். அதைச் சமாளிப்பது அட்டை வட்டியைச் சமாளிப்பதைவிட எளிது.

மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. 1877இல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கிக்காக அந்நாளில் பள்ளிப் பிள்ளைகள் சேமிப்புத் தபால்தலைகளை வாங்கி அட்டையில் ஒட்டினார்கள். அட்டை நிறைந்தால் பணம் கணக்கில் சேரும். ஒட்டிய தபால்தலையைப் பிய்த்து ஐஸ்கிரீம் வாங்க முடியாது என்பதுதான் அதன் சிறப்பு.

சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகள் கிடைக்கும்போதும் இதே வழியைக் கையாளலாம். பற்றுச்சீட்டில் 50 வெள்ளிக்கு அரிசியும் பருப்பும் வாங்கினால், அதற்காக ஒதுக்கியிருந்த ரொக்கம் 50 வெள்ளியை அன்றே அட்டைப் பாக்கிக்குக் கட்டிவிடலாம். பற்றுச்சீட்டு இருக்கிறதே என்று தேவையில்லாத பொருளை வாங்கினால் கையில் எதுவும் நிற்காது.

கடன் ஏற்கெனவே கழுத்தளவு வந்துவிட்ட குடும்பங்களும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் முதலில் செய்யக்கூடாதது, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது. உரிமம் பெற்ற கடன் கொடுப்போருக்குக்கூட 2015 அக்டோபரில் விதிக்கப்பட்ட வட்டி உச்சவரம்பு மாதம் 4 விழுக்காடு; ஆண்டுக்கு 48 விழுக்காடு ஆகிறது. உரிமம் இல்லாதவர்களிடம் போனால் கதவில் சாயம் பூசுவதில் போய் முடியும்.

இதற்கென்றே ‘கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்’ என்ற அமைப்பு இருக்கிறது. வங்கிகளோடு பேசி, வட்டியைக் குறைத்து, திருப்பிச் செலுத்தும் திட்டம் வகுக்க அவர்கள் உதவுகிறார்கள். போகும்போது எல்லா அட்டைகளின் மாத அறிக்கைகளையும் சம்பளச் சீட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஒன்றைக்கூட வீட்டில் ஒளித்துவைத்துவிட்டுப் போகக்கூடாது. கணவனும் மனைவியும் சேர்ந்தே போகலாம்.