தாகத்தை அடக்கலாகாது

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தினந்தோறும் போதிய தண்ணீர் அருந்தவேண்டுவதன் அவசியத்தைக் குறித்துப் பேசுமாறு பணித்திருக்கின்றீர்கள். தண்ணீர் குடிப்பதற்கும் ஒரு பிரசங்கம் வேண்டுமோ என்று சிலர் நகைக்கலாம். தாகமெடுத்தால் பசுவும் காக்கையும் ஒருவர் உபதேசமுமின்றி நீரைத் தேடிச் செல்கின்றன. தாகமெடுத்தும், நீர் அருகிலிருந்தும், அதை வேண்டாமென்று விலக்கிவைப்பவன் மனிதன் ஒருவனே. அவ்வாறு செய்வோரில் நம் வீட்டுப் பெண்மக்கள் பலர் இருக்கின்றனர். ஆதலின் இது பேசத்தக்க விஷயமேயாம்.

நமது சரீரத்தின் எடையில் பாதிக்குமேல் நீரேயாகும். இரத்தம் ஓடுவதும், உண்ட உணவு சீரணிப்பதும், வியர்வையால் உடற்சூடு தணிவதும் அந்நீராலேயே. சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்றும் வடித்து, பெரும்பாகத்தை மீண்டும் இரத்தத்திற்கே கொடுத்துவிட்டு, ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மாத்திரம் கழிவுகளோடு வெளியேற்றுகின்றன. அருந்தும் நீர் குறையுமாயின் சிறுநீர் செறிவடையும். அதிலுள்ள உப்புக்கள் கரைந்திருக்கமாட்டாமல் படிந்து கல்லாகும். கல்லடைப்பினால் ஒருவர் துடிப்பதைக் கண்டவர்க்கு இதற்குமேல் சொல்லவேண்டுவதில்லை.

எவ்வளவு அருந்துவது என்பீர்களாயின், எல்லோருக்கும் எட்டு டம்ளர் என்பது சாஸ்திரமன்று. அமெரிக்க வைத்திய அறிஞர் குழு ஒன்று 2004ஆம் ஆண்டில், ஆடவர்க்கு நாளொன்றுக்கு 3.7 லிட்டரும் பெண்டிர்க்கு 2.7 லிட்டரும் போதுமானதென்று கணித்தது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உணவிலிருந்தே கிடைப்பதாம். மோரும் இரசமும் இளநீரும் இக்கணக்கில் சேரும். வெயிலில் உழைப்போர்க்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் இன்னும் அதிகம் வேண்டும். முதுமையில் தாக உணர்ச்சி மழுங்குவதால், வீட்டிலுள்ள பெரியோர்க்கு நாமே வேளைதோறும் நீர் கொடுத்தல் வேண்டும். சிறுநீர் வெளிறிய மஞ்சளாயிருப்பின் போதுமென்று அறிக. அடர்ந்த மஞ்சளாயின் பெரும்பாலும் நீர் குறைந்ததென்று அறிக. எனினும் அளவு மீறினால் தண்ணீரும் தீங்கு செய்யும். இருதய நோயாளரும் சிறுநீரக நோயாளரும் வைத்தியர் சொன்ன அளவைக் கடத்தலாகாது.

இனி, முக்கியமான விஷயத்திற்கு வருகின்றேன். நம் பெண்மக்கள் ஏன் தண்ணீர் அருந்துவதில்லை? அறியாமையினாலன்று. காலையில் புறப்பட்டுப் பள்ளிக்கும் கடைக்கும் தொழிற்சாலைக்கும் செல்லும் பெண், அங்கே ஒதுங்குவதற்குச் சுத்தமான இடமில்லாமையால், நீர் பருகாதிருத்தலே மானத்திற்குக் காப்பு என்று எண்ணித் தாகத்தை அடக்குகின்றாள். அதன் பயன் நீர்க்கடுப்பும் காய்ச்சலும். குறைவாக நீர் அருந்துவோராய், அடிக்கடி நீர்க்கடுப்பால் வருந்திய 140 பெண்களை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவருள் ஒரு பாதியினர் தினம் ஒன்றரை லிட்டர் அதிகமாக நீர் அருந்தினர். ஓராண்டில் அவர்களுக்கு அந்நோய் வந்த தடவைகள், மற்றவர்க்கு வந்ததில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மருந்தின்றி, செலவின்றி, தண்ணீரே செய்த உபகாரம் அது!

அன்பர்களே! சித்திரை வெயிலில் வருவோர் யாரென்று கேளாமல் நாம் தண்ணீர்ப் பந்தல் வைக்கின்றோம். அது நல்ல தருமமே. ஆனால் நமது கடையில் பொழுதெல்லாம் உழைக்கும் பெண், மாலைவரையில் நா வறண்டு நிற்பாளாயின், வாசலிலே பந்தலிட்டு என்ன பயன்? கடை வைத்திருக்கும் அன்பர்கள் கோபிக்கலாகாது. கடைச் சிப்பந்திகள் உட்காருவதற்கு ஆசனம் அளிக்கவேண்டுமென்று 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டம் செய்யப்பட்டது. சட்டம் வந்து சொல்லும்வரையில் காத்திருந்தது நமக்குப் பெருமையன்று. இக்காரியத்திலேனும் நாம் முந்திக்கொள்வோமாக.

ஆகவே மூன்று காரியங்களைச் சங்கத்தின்முன் வைக்கின்றேன். முதலாவது, அங்கத்தினர் ஒவ்வொருவரும் தமது கடையிலும் ஆலையிலும் பெண்களுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறையைத் தனியே அமைக்கவேண்டும். இரண்டாவது, நம்மவர் நடத்தும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் நீர் அருந்துவதற்கென்று மணி அடிக்கவேண்டும். 2019ஆம் ஆண்டில் கேரளப் பள்ளிகளில் தொடங்கிய இவ்வழக்கம் 2025ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்திருக்கின்றது. மணி அடித்தால் போதாது. கழிப்பறையின் கதவும் திறந்திருக்கவேண்டும். மூன்றாவது, கல்யாண மண்டபங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறுபகுதியை இவ்வேலைக்கென்று ஒதுக்கவேண்டும்.

தாய்மார்களே! மகள் மாலையில் வீடு திரும்பியதும், இன்று என்ன படித்தாய் என்று கேட்பதோடு, கொண்டுபோன தண்ணீரைக் குடித்தாயா என்றும் கேளுங்கள். இல்லையென்பாளாயின் அவளைக் கடியாமல், ஏன் என்று வினவுங்கள். அவள் சொல்லும் விடையைச் சங்கத்திற்குத் தெரிவியுங்கள். அதைத் தீர்த்துவைப்பது எங்கள் கடமை.