கயிறு அவிழும் முன்

(கடற்படை தினத்தன்று நம் சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரை)



1971-இல் இதே டிசம்பர் 4 இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கின. அதன் நினைவாகத்தான் இன்று கடற்படை தினம். போர்க் கதைகள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்லப்போவது, ஒரு போர்க்கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது மாலுமிகள் என்ன செய்கிறார்கள் என்பதை.

காலை எட்டு மணிக்குப் புறப்பாடு என்றால், வேலை பல மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். திசை காட்டும் கைரோ கருவி சுழன்று நிலைபெறவே சில மணி நேரம் ஆகும். சுக்கானை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பார்ப்பார்கள். நீர் புகாத கதவுகளை இறுக்கிச் சாத்துவார்கள்.

பிறகு ஒலிபெருக்கியில் அழைப்பு வரும். ஒவ்வொருவரும் தமக்குரிய இடத்துக்குப் போய்விட வேண்டும். சுக்கான் சக்கரத்தில் அனுபவசாலி ஒருவர். முன்னும் பின்னும் வடம் பிடிப்பவர்கள். கப்பலின் பின்பகுதியில், கீழே சுக்கான் இயந்திர அறையில் சிலர். மேலிருந்து வரும் கட்டுப்பாடு செயலிழந்தால் அங்கிருந்தே சுக்கானைத் திருப்ப வேண்டியவர்கள் அவர்கள். பெரும்பாலான நாட்களில் அவர்களுக்கு வேலையே வராது. ஆனாலும் இருக்க வேண்டும்.

கிளம்பும் கப்பலில் நங்கூரம் எதற்கு என்று கேட்பீர்கள். விசாகப்பட்டினத்தில் டால்பின்ஸ் நோஸ் குன்றை ஒட்டிய குறுகிய வாய்க்கால் வழியாகத்தான் உள்துறைமுகத்திலிருந்து வெளியேற வேண்டும். அங்கே இன்ஜின் நின்றால் நங்கூரம்தான் பிரேக். அதனால் அதை உடனே இறக்கத் தயாராக ஆட்கள் நிற்பார்கள்.

மிக ஆபத்தானது வடம்தான். இழுபட்ட நைலான் வடம் அறுந்தால் சவுக்கு மாதிரி திரும்பி அடிக்கும், உயிரே போகும். அதன் வளையத்துக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது.

எல்லா இடத்திலிருந்தும் "தயார்" என்று தகவல் வந்த பிறகுதான் கேப்டன் வடத்தை அவிழ்க்கச் சொல்வார். கடைசி வடம் விடுபட்டதும் முன்முனையில் பறக்கும் சிறு கொடி இறங்கும்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. நம் குடியிருப்பில் நள்ளிரவில் தீ எச்சரிக்கை மணி அடித்தால், உங்கள் மாடியில் கேஸ் வால்வை மூடுவது யார்? தனியாக இருக்கும் பாட்டியைப் படி வழியாக அழைத்து வருவது யார்? யாரும் லிஃப்டில் ஏறாமல் பார்ப்பது யார்? தீயணைப்பு வண்டிக்கு கேட்டைத் திறப்பது யார்?

"யாராவது செய்வார்கள்" என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த ஒத்திகைக்கு முன் ஒவ்வொரு மாடியும் பெயர் எழுதிச் சங்கத்திடம் கொடுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மாற்று ஆளின் பெயரும் அதில் இருக்கட்டும்.