சக்கரக் காலணி நம் பிள்ளைகளுக்கு ஏற்றதா?

(பெரிய மார்க்கெட் பகுதிக் குடும்பங்களின் கூட்டத்தில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி பற்றிப் பேசுவோம். இன்று நம் பிள்ளைகள் வைத்திருக்கும் ஒரு கோரிக்கை பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மாலை மக்தபுக்கு வரும் பிள்ளைகளில் சிலர், இன்லைன் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ள டிரஸ்ட் ஏற்பாடு செய்யுமா என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் பெண் பிள்ளைகளும் உண்டு. நிர்வாகக் குழுவில் இரண்டு கருத்து இருக்கிறது. "இது பணக்காரர் வீட்டு விளையாட்டு, கை கால் உடையும்" என்கிறார்கள் சிலர். "செல்போனோடு மூலையில் உட்கார்ந்திருப்பதைவிட மேல்" என்கிறார்கள் மற்றவர்கள். முடிவு சொல்ல வேண்டியவர்கள் பெற்றோராகிய நீங்கள்தான். அதனால் விஷயத்தை விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேட்டிங் காலணியில் இரண்டு வகை உண்டு. முன்னே இரண்டு, பின்னே இரண்டு சக்கரம் இருந்தால் அது குவாட். சக்கரங்கள் ஒரே வரிசையில் இருந்தால் இன்லைன். நம் நாட்டில் இதற்குப் பெயர் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், 3000 மீட்டர் தொடர் ஸ்கேட்டிங்கில் இந்திய ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வென்றன. பெண்கள் அணியில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரிராஜ் என்ற தமிழகத்துப் பெண்கள் இருந்தார்கள். ஆண்கள் அணியில் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார். அதே ஆனந்த்குமார் 2025 செப்டம்பரில் உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். இந்தியாவுக்கு இந்த விளையாட்டில் அதுவே முதல் உலகத் தங்கம். சில நாட்களில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வாங்கினார்.

அந்த ஹாங்சோ ஆண்கள் பந்தயத்தில் இன்னொரு பாடமும் உண்டு. முதலில் வந்துகொண்டிருந்த கொரிய வீரர், கோட்டைத் தொடும் முன்பே வெற்றி என்று கையைத் தூக்கிவிட்டார். பின்னால் வந்த தைவான் வீரர் காலை நீட்டிக் கோட்டைத் தொட்டார். நூறில் ஒரு பங்கு விநாடியில் தங்கம் கைமாறியது. அமல் முடியும்வரை கவனம் வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மார்க்க ரீதியாக இது கூடுமா என்று கேட்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி புகாரியில் இருக்கிறது. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஐந்தாறு மைல் நீண்ட தூரமும், பயிற்சி பெறாத குதிரைகளுக்கு சுமார் ஒரு மைலும் வைத்தார்கள். விளையாட்டுக்கு அனுமதி இதில் தெரிகிறது. சக்திக்கு மீறிச் சுமத்தக்கூடாது என்ற ஒழுங்கும் தெரிகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. ஆகவே தொழுகை தவறாமல், சூது கலக்காமல், பிறருக்கு இடைஞ்சல் இல்லாமல் நடந்தால் விளையாட்டைத் தடுக்க நமக்குக் காரணம் இல்லை.

பெண் பிள்ளைகள் பற்றித் தாய்மார்கள் தயங்குவது புரிகிறது. தளர்வான முழுக்கால் சட்டை, முழுக்கை மேலாடை, தலையோடு ஒட்டிய மெல்லிய துணி ஸ்கார்ஃப், அதன்மேல் ஹெல்மெட். இதில் உடையும் குறையாது, விளையாட்டும் கெடாது. ஹெல்மெட்டுக்குள் ஊசி மட்டும் குத்தக்கூடாது. தொங்கும் துப்பட்டாவும் கூடாது, சக்கரத்தில் சிக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தின் ஸஹ்ரா லாரி என்ற பெண் பனிச்சறுக்கு நடனத்தில் ஹிஜாபோடு போட்டியிட்டார். 2012இல் இத்தாலியில் நடந்த போட்டியில் தலையில் அணிந்த துணிக்காக அவருக்கு மதிப்பெண் குறைத்தார்கள். அவர் விளையாட்டையும் விடவில்லை, ஹிஜாபையும் விடவில்லை. சம்மேளனத்திடம் எடுத்துச் சொன்னார், பிறகு விதியே மாறியது. நம் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர், தனி நேரம், தாய்மார்கள் உடனிருப்பது என்ற மூன்றையும் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அடுத்து, அடி படுமே என்ற பயம். விழாமல் யாரும் கற்பதில்லை. விழும்போது எல்லோரும் கையை ஊன்றுவார்கள், அதனால் மணிக்கட்டுதான் அதிகம் அடிபடும். எனவே ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கை, முழங்கால் காப்பு இல்லாமல் ஒரு பிள்ளையும் ஸ்கேட் மாட்டக்கூடாது. முதல் பாடம் முழங்காலை மடக்கி நிற்பது. இரண்டாவது, முன்பக்கமாக முழங்கால் காப்பின் மேல் விழுவது. மூன்றாவது, நிறுத்துவது: பிரேக் உள்ள காலை முன்னே நீட்டி, விரல் பக்கத்தைத் தூக்கிக் குதிகால் பிரேக்கைத் தரையில் அழுத்த வேண்டும். இந்த மூன்றும் வந்தபிறகே வேகம்.

இடம் முக்கியம். மார்க்கெட்டைச் சுற்றிய வீதிகளில் ஸ்கேட் மாட்டவே கூடாது. மீன் தண்ணீர், காய்கறித் தோல், ஏற்றி இறக்கும் வண்டி, ஸ்கூட்டர் எல்லாம் அங்கே உண்டு. மொட்டை மாடியும் வேண்டாம். தொடக்கத்தில் சுற்றுச்சுவர் உள்ள சிமெண்ட் தரை போதும். நன்றாக நிறுத்தத் தெரிந்தபின் கடற்கரைச் சாலைக்குப் போகலாம். மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை அங்கே வாகனம் விடுவதில்லை. மாலையில் மக்தபும் மஃரிபும் இருப்பதால் நமக்குச் சுபுஹு தொழுகைக்குப் பிந்திய நேரமே பொருத்தம். அப்போது பெரியவர்கள் நடைப்பயிற்சிக்கு வருவார்கள், அவர்களுக்கு வழி விடுவது நம் கடமை. கடல் மணலும் உப்புக் காற்றும் பேரிங்கைக் கெடுக்கும். திரும்பியதும் துடைத்து, உலர வைத்து, தேய்ந்த சக்கரத்தை இடம் மாற்றிப் போடப் பிள்ளைகளே பழக வேண்டும்.

கடைசியாகச் செலவு. தொடக்கநிலை ஸ்கேட் சில ஆயிரம் ரூபாய், பந்தயத்திற்கானது பல மடங்கு. வளரும் காலுக்கு ஆண்டுதோறும் புதிது வாங்குவது கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இயலாது. எனவே அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பத்து ஜோடி ஸ்கேட்டும் காப்புகளும் டிரஸ்ட் வாங்கி, முறை வைத்துக் கொடுக்கலாம் என்பது யோசனை. ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: ஜகாத் பணத்தில் ஒரு ரூபாயும் இதற்கு எடுக்கப்படாது. அது குர்ஆன் வகுத்த எட்டு வகையினரின் உரிமை. கல்வி, மருத்துவ நிதியையும் தொடமாட்டோம். இதற்கெனத் தனியாக நன்கொடை வந்தால் மட்டுமே தொடங்குவோம். கடைக்காரர் பிள்ளைக்கும் மூட்டை தூக்குபவர் பிள்ளைக்கும் ஒரே முறை, ஒரே ஸ்கேட்.

எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்கப் போவதில்லை. அதிகாலையில் எழுந்து, தொழுது, வியர்வை சிந்தி விளையாடி, விழுந்தால் தானே எழுந்து நிற்கப் பழகினால் அதுவே போதும். அடுத்த ஜும்ஆவுக்குள் சம்மதமோ மறுப்போ எழுதித் தாருங்கள். மறுப்பவர்கள் காரணத்தையும் எழுதுங்கள், குழு அதைப் படித்த பிறகே முடிவெடுக்கும். பெண் பிள்ளைகளின் விஷயத்தில் தாயின் கையெழுத்தும் வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஈமானையும் உடல் நலத்தையும் சேர்த்துத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.