படகில் போன உப்பு

கூனிமேடு, மரக்காணம் பக்கத்துப் பெரியவர்களிடம் இளமைக் காலத்தைப் பற்றிக் கேட்டால், பேச்சு உப்பில்தான் போய் நிற்கும்.

விடியுமுன் பாத்தியில் இறங்கியாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பு கண்ணைக் கூச வைக்கும். முதலில் சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவார்கள்; அப்புறம்தான் உவர்நீர் பாய்ச்சுவது. விளைந்ததைப் பலகையால் வாரி, வரப்பில் குவித்து, கூடையில் சுமப்பார்கள். காலில் பித்தவெடிப்பு, கையில் காய்ப்பு.

அந்த உப்பு சென்னைக்குப் போனது பக்கிங்ஹாம் கால்வாயில். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்கும் இந்த நீர்வழி, ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஓடி மரக்காணத்தில் முடிகிறது. காற்று வீசினால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். 1965, 66 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. பிறகு எல்லாமே லாரிதான். கிழக்குக் கடற்கரைச் சாலையை மட்டுமே பார்த்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து கேட்க வேண்டிய கதை இது. சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஐப்பசி மழை இறங்கினால் உப்பளம் மூழ்கும், கூலி நிற்கும். அந்த நாளில் கடன்தான் கைகொடுத்தது. 2022இல் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. மூன்று மாத அடுப்புக்கு அது போதாது. ஆனாலும் வட்டிக்குக் கைநீட்டுவதைக் கொஞ்சமாவது தள்ளிப்போடுகிறது.