போர் போடுவதற்கு முன்னும் பின்னும்



"நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்துல ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே இருந்த எண்ணெயை 1980களிலேயே கண்டுபிடிச்சாங்க. நம்ம திமிரியில முந்நூறு அடியில இருக்கிற தண்ணி தெரியலையே, சார்?" என்று ஒரு விவசாயி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

எண்ணெய் தேடுகிறவர்கள் ஒரே சோதனையை நம்பிக் காசைக் கொட்டுவதில்லை. முதலில் சிறு வெடி வைத்து நிலத்தை அதிரச் செய்கிறார்கள். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறதல்லவா? அதுபோல அதிர்வு கீழே போய்ப் பாறை அடுக்கில் பட்டுத் திரும்பும். திரும்ப 2 விநாடி ஆனது, அதிர்வின் வேகம் விநாடிக்கு 3000 மீட்டர் என்றால், போக ஒன்று, வர ஒன்று. ஆழம் 3000 மீட்டர். ஆனால் அந்த வேகத்தை மேலே நின்றுகொண்டு துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆகவே, துளைத்த கிணற்றில் கம்பியில் கட்டிக் கருவியை இறக்கி, வேகத்தையும் மின்தடையையும் அடிக்கு அடி அளக்கிறார்கள். எண்ணெய் மின்சாரத்தைத் தடுக்கும், உப்புநீர் கடத்தும். கிணற்றில் மின்தடை அளக்கும் இந்த முறை 1927இல் பிரான்சில் தொடங்கியது. எண்ணெய் இல்லாத கிணற்றின் அளவையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த இடம் பார்க்க அதுதான் வழிகாட்டி.

நம் பக்கம் கடும்பாறை. தண்ணீர் இருப்பது மேலே உளுத்த பாறையிலும், கீழே பாறை வெடிப்பிலும்தான். இதைப் பார்க்க நான்கு கம்பிகளை வரிசையாக ஊன்றி மின்தடையை அளப்பார்கள். கம்பிகளின் இடைவெளி கூடக் கூட, இன்னும் ஆழத்து விவரம் கிடைக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையில் கட்டணம் செலுத்தி இந்த ஆய்வைச் செய்துகொள்ளலாம்.

ஒன்றை மறக்காதீங்க. களிமண்ணும் உப்புநீரும்கூட மின்தடையைக் குறைத்தே காட்டும். தோல் பதனிடும் கழிவு இறங்கிய நிலத்தில் கருவி காட்டுவது பயிருக்கு ஆகாத தண்ணீராகவும் இருக்கலாம். அதனால் பக்கத்துக் கிணறுகளில் எத்தனை அடியில் ஊற்று வந்தது, தண்ணீர் என்ன ருசி என்று விசாரித்து, ஆய்வு செய்ய வருகிறவரிடம் சொல்லுங்க.

போர் ஓடும்போது பத்து அடிக்கு ஒரு பிடி பாறைத்தூளை எடுத்துப் பையில் போட்டு, ஆழத்தை எழுதி வையுங்க. ஈரம் எங்கே தட்டியது, ஊற்று எங்கே வந்தது என்றும் குறியுங்க. தண்ணீர் வராமல் போனாலும் அந்த நோட்டைத் தூக்கி எறியாதீங்க. நகையை அடகு வைத்துப் போட்ட போர் பொய்த்தால் வயிறு எரியும், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குறிப்பு, பக்கத்து நிலத்துக்காரர் வீட்டு நகையாவது அடகுக்குப் போகாமல் காப்பாற்றும். நாளைக்கு அவருடைய குறிப்பு உங்களுக்கு உதவும்.

போர் வண்டியைக் கூப்பிடுவதற்கு முன்னால் நோட்டு ஒன்று வாங்குங்க.